வரலட்சுமி நோன்பு: வியாழன் மாலை முதல் சனி இரவு வரை

காலண்டரில் வெள்ளிக்கிழமை என்று போட்டிருந்தாலும் வரலட்சுமி நோன்பின் வேலையில் முக்கால் பங்கு வியாழனன்றே முடிந்திருக்க வேண்டும். வெள்ளி காலையில் எழுந்து தேங்காய்க்கு மஞ்சள் பூசி, சரடு முடிந்து, கொழுக்கட்டைக்கு மாவு கிளறி, அதன் பிறகு பூஜைக்கு உட்காரலாம் என்று திட்டம் போட்டால் ராகு காலம் வந்துவிடும். பட்டினியாக இருப்பவருக்குக் கோபமும் வந்துவிடும். நோன்பு தடுமாறும் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். மந்திரத் தவறுகளெல்லாம் அதற்கு அப்புறம்.

எந்த வெள்ளி என்பதில் குழப்பம் வேண்டாம். சிராவண மாதப் பௌர்ணமிக்கு முன்னால் வரும் வெள்ளிக்கிழமை. சிராவணம் சந்திரனை வைத்துக் கணக்கிடும் மாதம், நம் தமிழ் மாதம் சூரியனை வைத்து ஓடுவது. அதனால் நோன்பு சில வருஷம் ஆடியிலும் சில வருஷம் ஆவணியிலும் விழும். 2024-இல் ஆகஸ்ட் 16, 2025-இல் ஆகஸ்ட் 8, இரண்டும் ஆடி. 2023-இல் ஆகஸ்ட் 25, அது ஆவணி. அந்த வருஷம் அதிக மாசம் வந்ததால் இரண்டு சிராவணம் இருந்தது. முதல் பௌர்ணமி ஆகஸ்ட் 1-ஆம் தேதியே வந்துவிட்டது, ஆனால் அதை நோன்புக்கு எடுப்பதில்லை. பௌர்ணமியே வெள்ளியன்று வந்தால் பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் கருத்து மாறும். அப்போது உங்கள் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் பார்ப்பது வழக்கமோ, அதையே பாருங்கள்.

சொல்லப்படும் கதை சுருக்கமானது. மகத தேசத்துக் குண்டினபுரத்தில் சாருமதி என்று ஒரு பெண். மாமனார், மாமியார், கணவன் எல்லோரையும் அன்பாகக் கவனித்து வந்தவள். அவள் கனவில் வரலட்சுமி தோன்றி இந்த நோன்பைச் சொன்னாள். சாருமதி விடிந்ததும் வீட்டாரிடம் சொல்லி, ஊர்ப் பெண்களையும் கூட்டிச் சேர்ந்து செய்தாள். பூஜை முடிந்து வலம் வரும்போதே எல்லோருக்கும் செல்வம் வந்து சேர்ந்தது என்று கதை போகும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அவள் தனியாகச் செய்யவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு வெற்றிலை பாக்கு கொடுப்பது இந்த நோன்பின் உடம்பிலேயே இருக்கிறது. இலங்கையில் இதைக் கோயிலில் பெண்கள் கூடி அமர்ந்து செய்து காப்புக் கட்டிக்கொள்வார்கள். தமிழ்நாடு, ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகாவில் வீட்டில் கலசம் வைப்பது பெருவழக்கு. கன்னடக்காரர்களுக்கு இது வரமகாலட்சுமி விரதம்.

இந்த ஒரு பூஜை அஷ்டலட்சுமிகளையும் வணங்கியதற்குச் சமம் என்பது நம்பிக்கை. எட்டு லட்சுமிகளில் தானியமும் உண்டு, தைரியமும் உண்டு, பிள்ளைச் செல்வமும் உண்டு. ஆகவே கலசத் தேங்காயில் கட்ட வெள்ளியில் செய்த அம்மன் முகம் இல்லை, பட்டுப்புடவை வாங்க முடியவில்லை என்று யாரும் நோன்பைத் தள்ளிப் போட வேண்டியதில்லை. மஞ்சள் பூசிய தேங்காயில் சந்தனத்தால் முகம் எழுதிச் செய்தவர்கள் ஏராளம். சுவரில் ஒரு கட்டம் வெள்ளையடித்து அதில் அம்மனை வரைந்து பூஜை செய்யும் வழக்கமும் உண்டு.

வியாழக்கிழமை: இடமும் கோலமும்

வீட்டை மெழுகித் துடைத்து, அம்மன் உட்காரப் போகும் இடத்தைக் காலையிலேயே முடிவு செய்யுங்கள். அம்மன் கிழக்குப் பார்த்திருப்பது நல்லது. மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். விளக்கு அணையும், புடவைத் தலைப்பு விளக்குப் பக்கம் பறக்கும்.

கோலத்துக்கு ஒரு கைப்பிடி பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய் போல அரையுங்கள். இழைக் கோலத்துக்கு மாவு மோர் பதத்தில் இருந்தால் போதும். ரொம்ப நீர்த்தால் போடும்போது தெரிவது காய்ந்ததும் மங்கிவிடும், கெட்டியானால் உதிரும். ஓரத்தில் காவி. காய அரைமணி நேரமாவது ஆகும். அதற்குமுன் மணையைத் தூக்கி வைத்தால் கோலம் மணைக்காலோடு வந்துவிடும்.

கோலத்தின்மேல் மணை, மணைமேல் நுனி வாழையிலை, இலையில் ஒரு படி பச்சரிசியைப் பரப்பிக்கொள்ளுங்கள். இலையின் நுனி அம்மனுக்கு இடக்கைப் பக்கம் இருக்கட்டும். இருபுறமும் வாழைக்கன்று கட்டி, மேலே மாவிலைத் தோரணம். மண்டபம் இல்லாதவர்கள் நாற்காலியையோ சின்ன மேஜையையோ கவிழ்த்து அதன் நாலு காலில் கன்றுகளைக் கட்டிக்கொள்ளலாம். பழைய உபாயம்தான், விழாது.

கலசம்

இங்கே அவசரப்படாதீர்கள். சொம்பு வெள்ளியோ பித்தளையோ செம்போ, ஒரு லிட்டர் கொள்ளளவு இருந்தால் வசதி. புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வெளியே சந்தனமும் குங்குமமும் இட வேண்டும். சில வீடுகளில் சொம்புக்கு வெளியே சுண்ணாம்பு பூசி அதன்மேல் கோலம் எழுதுவார்கள். வெள்ளிச் சொம்பு என்றால் சந்தனமே போதும்.

உள்ளே போட வேண்டியவை: பச்சரிசி, கொஞ்சம் துவரம்பருப்பு, விரலி மஞ்சள், கொட்டைப்பாக்கு, வெற்றிலை, ஒரு எலுமிச்சை, காதோலை கருகமணி, நாணயம். வீட்டில் இருந்தால் ஒரு தங்கக் காசோ சின்ன நகையோ. ஒரு லிட்டர் சொம்புக்கு ஏறக்குறைய 600 கிராம் அரிசி பிடிக்கும், அதாவது முக்கால் அளவு. சில குடும்பங்களில் அரிசிக்குப் பதில் தண்ணீர் நிரப்பி ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் போடுவார்கள். அது உங்கள் வழக்கமாக இருந்தால் மாற்ற வேண்டாம். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு அரிசிதான் சுலபம். சொம்புக்கு அடிக்கனம் கிடைக்கும், மாவிலைக் காம்புகள் அரிசியில் குத்தி நிற்கும், தூக்கிக்கொண்டு வரும்போது தளும்பாது.

தேங்காய் வாங்கும்போது சொம்பை எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆனால் சொம்பின் வாயை ஒரு நூலால் அளந்து கொண்டு போகலாம். காயில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே இறங்க வேண்டும். காய் பெரிதானால் மேலே தொத்திக்கொண்டு ஆடும், சிறிதானால் உள்ளே விழுந்துவிடும். குடுமியோடு, கண் பக்கத்தில் ஈரக்கசிவு இல்லாத, ஆட்டினால் நீர்ச்சத்தம் கேட்கும் காயாகப் பாருங்கள். நாரைச் சுத்தமாக உரித்து மஞ்சள் பூசி ஒரு மணி நேரம் காயவிட்டு, குடுமி மேலே இருக்கும்படி வையுங்கள். மாவிலைக் கொத்து ஐந்து இலையாக இருக்கட்டும்.

வெள்ளி முகத்தின் பின்னால் வளையமோ துளையோ இருக்கும். கட்டியான நூலை அதில் கோத்துத் தேங்காயின் பின்பக்கம் இழுத்துக் கட்டுங்கள். முகத்தின் எடையெல்லாம் முன்பக்கம் என்பதால் காய் மெல்ல மெல்ல முன்னால் சாயும். இரவு நேராக இருந்த அம்மன் காலையில் குனிந்திருப்பது இதனால்தான். கட்டும்போதே குடுமியைச் சற்றுப் பின்னால் சாய்த்து, காய்க்கும் சொம்பு வாய்க்கும் நடுவில் முன்பக்கமாக ஒரு துணிச்சுருளைச் செருகிவிட்டால் நிற்கும். ஒட்டுப்பசை, டேப் எதுவும் மஞ்சள் பூசிய காயில் பிடிக்காது.

புடவை கட்டுவதற்கு ஐந்தரை மீட்டர் பட்டு தேவையே இல்லை. ஒரு மீட்டர் ரவிக்கைத் துணியைக் கொசுவி, சொம்பின் கழுத்தில் நூலால் கட்டினால் பாவாடை ஆகிவிடும். முழுப்புடவைதான் கட்டுவேன் என்பவர்கள் சொம்பை ஒரு பித்தளைக் குடத்தின்மேலோ மரப்பெட்டியின்மேலோ வைத்து உயரம் கூட்டிக்கொள்ள வேண்டும். பட்டில் குண்டூசி குத்தாதீர்கள், இழை இழுத்துவிடும். நூலும் ரப்பர் பேண்டும் போதும். கடையில் கிடைக்கும் கை, கால் வைத்த அலங்கார செட்டுகள் பார்க்க அழகுதான். ஆனால் அதன் கனம் சொம்பைச் சாய்க்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நகையும் அப்படித்தான். ஒரு அட்டிகை, ஒரு ஒட்டியாணம் போதும்.

தாழம்பூ ஜடைக்கு. மடல் ஓரம் முழுக்க முள், அடியிலிருந்து நுனியை நோக்கி நீவித்தான் பிடிக்க வேண்டும். சிவ பூஜைக்கு ஆகாத பூ என்றாலும் லட்சுமிக்கு உகந்தது. தாமரை மொட்டை வியாழன் மாலை வாங்கித் தண்ணீரில் நிறுத்தி வைத்து, வெள்ளி காலை பூஜைக்கு முன் இதழ்களை ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் மடித்துவிடுங்கள். முன்கூட்டியே மடித்தால் ஓரம் கறுத்துவிடும்.

சரடு

நோன்புச் சரடுக்கு ஒன்பது இழை, ஒன்பது முடிச்சு. வெள்ளைப் பருத்தி நூலை ஒன்பது இழையாகச் சேர்த்து முறுக்கிக்கொள்ளுங்கள். முடிச்சு போடப் போட நீளம் குறையும், அதனால் 60 சென்டிமீட்டரில் ஆரம்பித்தால் முடிவில் ஒரு முழம் கையில் நிற்கும். முதலில் முடிச்சுகளைப் போட்டுவிட்டு, அப்புறம் குழைத்த மஞ்சளில் தோய்த்துக் காயவிடுங்கள். மஞ்சள் காய்ந்த நூல் விறைத்துவிடும், முடிச்சு இறுகாது. நடு முடிச்சில் ஒரு பூ. வீட்டுப் பெண்கள் எண்ணிக்கைக்கு மேல் ஒன்று அம்மனுக்கு, இரண்டு மூன்று உபரி. சாயங்காலம் வருகிறவர்களில் யாராவது கேட்பார்கள்.

அம்மனை அழைப்பது

வியாழன் மாலை விளக்கேற்றிய பின், தயாரான கலசத்தை வாசல் உள்பக்கம் அல்லது ரேழியில் ஒரு மணையில் வைத்து, வெண்பொங்கல் நைவேத்தியம் செய்து கற்பூரம் காட்டுவார்கள். பிறகு இரண்டு சுமங்கலிகள் ஆளுக்கொரு பக்கம் மணையைப் பிடித்து, பாட்டுப் பாடிக்கொண்டே மண்டபத்துக்குக் கொண்டு வருவார்கள். சில வீடுகளில் இதை வெள்ளி காலை செய்வதுண்டு. எப்போது செய்தாலும் நடைபாதையில் இருக்கும் மிதியடி, செருப்பு, பிளாஸ்டிக் முக்காலி எல்லாவற்றையும் முதலிலேயே அப்புறப்படுத்திவிடுங்கள். கலசம் சரிவது இந்தப் பத்தடி தூரத்தில்தான். சொம்பின் கழுத்தைப் பிடித்துத் தூக்கவே கூடாது, மணையோடு தூக்க வேண்டும்.

வெள்ளி: நேரம்

வெள்ளியன்று ராகு காலம் காலை 10.30 முதல் 12 வரை, எமகண்டம் மாலை 3 முதல் 4.30 வரை. பூஜைக்கு முக்கால் மணி நேரம் முதல் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஆகவே 9 மணிக்குள் உட்கார வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையிலோ, மாலை 4.30-க்குப் பிறகோ வைத்துக்கொள்வதில் தவறில்லை. மாலை என்றால் நாள் முழுதும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து மயங்கி விழ வேண்டாம். பால், பழம் சாப்பிடலாம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் வேளைக்குச் சாப்பிட்டுவிட்டே செய்யட்டும்.

கொழுக்கட்டை

நைவேத்தியத்தில் சாதம், பருப்பு, நெய், பாயசம், வடை, இட்லி, அப்பம் என்று அவரவர் வழக்கம். எல்லா வீட்டுக்கும் பொது கொழுக்கட்டைதான். கைவிடுவதும் அதுதான்.

மேல்மாவுக்கு ஒரு கப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரைத்து, மொத்தம் இரண்டு கப் தண்ணீரில் பால் போலக் கரையுங்கள். அரைக்கும்போது விட்ட தண்ணீரும் இந்த இரண்டு கப்பில் அடக்கம். கால் டீஸ்பூன் உப்பு, ஒரு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய். அடிகனமான வாணலியில் மிதமான தீயில் கைவிடாமல் கிளறினால் ஏழெட்டு நிமிஷத்தில் திரண்டு ஓரம் விட்டு வரும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. உடனே ஈரத்துணியால் மூடுங்கள். காற்றுப்பட்ட மாவுதான் செப்பு, அதாவது பூரணம் வைக்கும் கிண்ணம், செய்யும்போது விரிசல் விடும். கடை மாவு என்றால் ஒரு கப்புக்கு ஒன்றரை கப் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிக் கிளறலாம். அந்த மாவு பழசாக இருந்தால் எவ்வளவு பிசைந்தாலும் விரிசல் விடும்.

பூரணத்துக்கு ஒரு கப் தேங்காய்த் துருவல், முக்கால் கப் பொடித்த வெல்லம், ஏலக்காய். வெல்லத்தை இரண்டு டேபிள்ஸ்பூன் நீரில் கரைத்து மண் போக வடிகட்டி, தேங்காயைச் சேர்த்துச் சுருளும்வரை கிளறுங்கள். உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும். இளகலாக நிறுத்தினால் வேகும்போது வெல்லம் ஒழுகி அடியில் கிழியும். இளகிவிட்டால் ஒரு டீஸ்பூன் அரிசி மாவு தூவி மறுபடி கிளறலாம். அதிகம் கிளறிப் பாகு முறுகினால் அதற்கு மருந்து இல்லை, பல்லுக்குத்தான் கஷ்டம். துருவும்போது ஓட்டுப் பக்கத்துக் கறுப்பு வராமல் பாருங்கள். பூரணத்தை வியாழன் இரவே செய்து வைத்துவிடலாம்.

உளுந்துக் கொழுக்கட்டைக்கு அரை கப் உளுந்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறவிடக் கூடாது. அதிகம் ஊறினால் அரைக்கும்போது வடைமாவாகிவிடும், ஆவியில் வெந்ததும் உதிராது. நீரை நன்றாக வடித்து, மூன்று பச்சைமிளகாய், அரை டீஸ்பூன் உப்போடு கொரகொரப்பாக அரைத்து, பத்து நிமிஷம் இட்லித் தட்டில் வேகவைத்து, ஆறியபின் உதிர்த்து, கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துப் புரட்டுங்கள்.

நைவேத்தியத்துக்கு முன் ருசி பார்க்க முடியாது என்பதால்தான் உப்பை அளந்து சொல்வது. கண்ணளவு கைகொடுக்கும் நாள் இதுவல்ல.

கொழுக்கட்டையை எட்டு நிமிஷம் ஆவியில் வையுங்கள். மேல்மாவு பளபளத்தால் வெந்துவிட்டது. அதற்கு மேல் விட்டால் தோல் ரப்பராகும். ஒரு கப் அரிசிக்குப் பதினாறிலிருந்து இருபது வரும்.

பூஜை

முதலில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து அருகம்புல் சாத்திப் பூஜை. பிறகு சங்கல்பம், கலச பூஜை, பிராணப் பிரதிஷ்டை, ஆவாஹனம், பதினாறு உபசாரங்கள், அங்க பூஜை, 108 போற்றி அல்லது அஷ்டோத்தரம். வரிசை எல்லாப் பூஜைப் புத்தகத்திலும் இருக்கிறது, சமஸ்கிருதம் வராதவர்கள் தமிழில் சொல்லட்டும். பூ உதிரியாக கால் கிலோவாவது வைத்துக்கொண்டால் 108-க்குக் குறையாது. குறைந்தால் அட்சதையோ குங்குமமோ போடலாம். அட்சதைக்கு முனை முறியாத அரிசி, ஒரு துளி நெய், மஞ்சள். தண்ணீர் விட்டுப் பிசைந்தால் கட்டி கட்டியாகிவிடும்.

தூப தீபம் காட்டி நைவேத்தியம், தாம்பூலம், கற்பூர ஆரத்தி. அதன் பிறகே சரடு. சரடுகளை ஒரு தட்டில் அம்மன் முன் வைத்து, கமலா, ரமா, லோகமாதா, விசுவஜனனி, மகாலட்சுமி, க்ஷீராப்திதனயா, விசுவசாட்சிணி, சந்திரசோதரி, ஹரிவல்லபா என்று ஒன்பது பெயர் சொல்லி முடிச்சுக்கு ஒன்றாகப் பூப்போட வேண்டும். அம்மனுக்கு ஒன்று சாத்திவிட்டு, வலது மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். மாமியாரோ கணவரோ கட்டிவிடலாம். கையில் சரடோடு உட்கார்ந்து சாருமதி கதை கேட்டபின் ஆரத்தி. மஞ்சள் நீரில் சிட்டிகை சுண்ணாம்பு கரைத்தால் சிவக்கும். அதை வாசலில் கோலத்தின் ஓரமாகக் கொட்டுங்கள்.

மாலையில் மறுபடி விளக்கேற்றி, சுண்டல் நைவேத்தியம் செய்து, வருகிற பெண்களுக்கு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, பழம். கொண்டைக்கடலையைக் காலை ஏழு மணிக்கே ஊறப் போட்டால்தான் மாலைக்கு வேகும், பூஜைப் பரபரப்பில் மறக்கிற முதல் விஷயம் இது. ரவிக்கைத் துணி கொடுக்கும் வழக்கம் பற்றி ஒரு வார்த்தை: யாராலும் தைக்க முடியாத அந்தத் துணி வருஷக்கணக்கில் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு நல்ல கைக்குட்டையோ சின்னக் கிண்ணமோ கொடுத்தால் வாங்கியவர் பயன்படுத்துவார்.

சனிக்கிழமையும் அதற்குப் பிறகும்

சனி காலை புனர்பூஜை. பூவும் பழமும் வைத்து, பால் நைவேத்தியம் செய்து, கலசத்தை வடக்குப் பக்கமாகச் சற்று நகர்த்துங்கள். அன்று இரவு ஆரத்தி எடுத்து, முகத்தோடு கூடிய கலசத்தை அரிசிப் பானைக்குள் வைத்து மூடுவது வழக்கம். இப்போது அரிசி டப்பா என்பதால் வாய் போதுமா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். போதாவிட்டால் முகத்தை மட்டும் வைக்கலாம். தண்ணீர்க் கலசமானால் நீரைத் துளசியைத் தவிர்த்து மற்ற செடிகளுக்கு ஊற்றிவிட்டு, சொம்பைத் துடைத்து வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் அரிசியில் பூஞ்சை வரும்.

அடுத்த வெள்ளியன்று அந்தத் தேங்காயை உடைத்து, கலசத்து அரிசியோடு சேர்த்துப் பாயசம் வைப்பார்கள். எலுமிச்சையும் வெற்றிலையும் அரிசியோடு ஒரு வாரம் கிடந்தால் அழுகும், ஆகவே சனி இரவே அவற்றை எடுத்துவிடுங்கள். காய் அழுகியிருந்தால் அபசகுனம் என்று கலங்க வேண்டாம். மஞ்சள் பூசிய ஈரம் காயாமல் துணி சுற்றி மூடிக் கிடந்த காய் ஆடி, ஆவணிப் புழுக்கத்தில் கெடுவது இயல்பு. மரத்தடியில் போட்டுவிட்டு வேறு காயில் பாயசம் வையுங்கள்.

வீட்டு விலக்கோ தீட்டோ வந்து தவறினால் அதற்கடுத்த வெள்ளி. அதுவும் முடியாவிட்டால் நவராத்திரி வெள்ளியில் செய்யும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. கல்யாணமான பெண்ணுக்கு முதல் வருஷம் தலைநோன்பு, பிறந்த வீட்டிலிருந்து முகமும் சொம்பும் வாங்கிக் கொடுப்பார்கள். வாங்கும்போது முகத்தைத் தனியாகப் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு தேங்காயில் வைத்துப் பாருங்கள். பின்பக்கம் தட்டையாக இருப்பது காயில் உட்காராது, குழிவாக இருப்பதே பொருந்தும்.